மேலே வறட்சி, அடியில் குளம்: கோகோபீட் பையில் தண்ணீரும் காற்றும்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியட்டும். தாம்பரம் பக்கம் இரண்டாவது மாடிக்கு மேல் மொட்டைமாடி. இருபது குரோ பேக், அதாவது செடி வளர்க்கும் பை. பாதிக்கு மேல் கோகோபீட் என்கிற தேங்காய் மட்டைத் தூள், மீதி மண்புழு உரம். தக்காளி, கத்தரி, மிளகாய். காலையில் ஒரு மக், மாலையில் ஒரு மக் என்று தவறாமல் தண்ணீர். ஆனாலும் மேலே தூள் வெளுத்துக் காய்ந்து கிடக்கிறது, மதியமானால் செடி தொங்குகிறது, கத்தரியின் அடி இலைகள் மஞ்சளாகின்றன, இரண்டு தக்காளிக் காய்களின் அடிப்பக்கம் கறுத்துவிட்டது, பையைத் தொட்டால் பொடிப்பொடியாகக் கறுப்பு ஈ பறக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் போதவில்லை என்கிறார். மூன்றாவது மக் ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். உங்கள் பையில் தண்ணீர் இல்லாமல் இல்லை, காற்றுதான் இல்லை. செடி வாடுவதைப் பார்த்ததும் தண்ணீர் ஊற்றுவது நம் எல்லோருக்கும் கைப்பழக்கம். மண் தொட்டியில் அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். கோகோபீட்டில் அதே பழக்கம் செடியைக் கொல்லும். என் முதல் வருடத்தில் பதினாறு பையில் பதினொன்றை நான் இப்படித்தான் சாகடித்தேன், அதுவும் மிகுந்த அக்கறையோடு.

முதலில் இந்தப் பொருள் என்னவென்று பார்க்கலாம். தேங்காய் மட்டையில் நாருக்கும் நாருக்கும் இடையில் அடைத்துக்கொண்டிருக்கும் பஞ்சு போன்ற தூள்தான் இது. ஈழத்தில் தும்புச்சோறு என்பார்கள். எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும், சோறு மாதிரியே உறிஞ்சும். நார் எடுத்தபின் மட்டையில் எடைக்கணக்கில் அதிகம் மிஞ்சுவது இதுதான். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு காலத்தில் இதை என்ன செய்வதென்று தெரியாமல் மலை மலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். இப்போது அழுத்திக் கட்டியாக்கிக் கப்பலேற்றுகிறார்கள். ஒவ்வொரு துகளுக்குள்ளும் தேன்கூடு மாதிரி குட்டிக் குட்டி அறைகள். தன் எடையைப் போல எட்டு மடங்கு வரை தண்ணீரைப் பிடித்துவைக்கும். பையில் அச்சிட்டு விற்பது இந்தப் பெருமையைத்தான். ஆனால் வேருக்கு வேண்டிய காற்று துகளுக்குள் இருப்பதில்லை. துகளுக்கும் துகளுக்கும் இடையே இருக்கும் பெரிய சந்துகளில்தான் இருக்கிறது. தூள் மாவு மாதிரி நைசாக இருந்தால் அந்தச் சந்துகள் குறைவு, அந்தக் கொஞ்சச் சந்திலும் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வேரும் மூச்சுவிடும் என்பது பள்ளியில் படித்ததுதான். ஆனால் அளவை யோசித்திருக்க மாட்டோம். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் பரவுவது சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவு. சந்துகள் நிறைந்துவிட்டால் வேரைச் சுற்றியிருக்கும் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும், புதிதாக வந்து சேராது. நம் ஊர் வெயில் வேறு. கலவை சூடாக ஆக வேர் அதிகமாக மூச்சு விடும், அதே சமயம் சூடான தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். மூச்சு முட்டிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் குளத்தில் நின்றுகொண்டே செடி தாகத்தில் தொங்குகிறது. நீங்கள் பார்ப்பது வாட்டம், ஆனால் காரணம் நேர் எதிர்.

சரி, மேலே காய்ந்திருக்கிறதே என்று கேட்பீர்கள். கோகோபீட்டின் மேல்பரப்பை நம்பவே கூடாது. ஈரமாக இருக்கும்போது கரும்பழுப்பு, காய்ந்தால் வெளிர்பழுப்பு. இந்த நிறமாற்றம் மேலே ஒரு செண்டிமீட்டரில் வெயிலும் காற்றும் பட்டு ஒரு மணி நேரத்தில் நடந்துவிடும். அந்த வெளுத்த அடுக்கே கீழே உள்ள ஈரத்துக்கு மூடிபோல் ஆகி, ஆவியாகாமல் காக்கிறது. களிமண்ணில் மேலே வெடித்தால் உள்ளேயும் காய்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம். இங்கே அது நடக்காது. நாளைக் காலை ஒரு பையில் விரலை முழுதாக, இரண்டு கணு உள்ளே போகும் அளவுக்கு நுழைத்துப் பாருங்கள். பிறகு ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிந்தால் நல்ல நிலை. ஒழுகினால் அதிகம். கையில் ஈரமே படாமல் உதிர்ந்தால்தான் வறட்சி. அதே பிடியைப் பையின் அடியிலிருந்து எடுத்தால், உங்கள் விவரிப்பை வைத்துச் சொல்கிறேன், ஒழுகும்.

அடியில் மட்டும் ஏன் தேங்குகிறது என்பதற்குச் சமையலறையில் ஒரு சோதனை இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் செவ்வகப் பஞ்சு ஒன்றைத் தண்ணீரில் முக்கி, படுக்கையாக உள்ளங்கையில் வைத்துப் பிடியுங்கள். சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். நின்றபின் அதையே நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். மறுபடி தண்ணீர் கொட்டும். பஞ்சு அதேதான், தண்ணீரும் அதேதான், உயரம் மட்டும் மாறியது. எந்தக் கலவையிலும் அடியில் ஒரு பட்டை அளவுக்குத் தண்ணீர் கீழே இறங்காமல் தொங்கிக்கொண்டே நிற்கும். அந்தப் பட்டையின் உயரத்தைத் தீர்மானிப்பது துகளின் அளவு, பானையின் அளவு அல்ல. நைஸ் தூள் என்றால் பட்டை உயரம், கரடுமுரடாக இருந்தால் குட்டை. அதனால் ஒரே கலவையை ஐந்து அங்குல ஆழக் கீரைத் தட்டில் போட்டால் பாதி குளம். பன்னிரண்டு அங்குலப் பையில் போட்டால் அடியில் கொஞ்சம்தான் குளம். ஆழமில்லாத தொட்டிக்குத்தான் அதிகக் கரடான கலவை வேண்டும். நாம் செய்வது தலைகீழ்.

இதிலிருந்தே இன்னொரு பழைய பழக்கமும் அடிபட்டுப்போகிறது. தொட்டியின் அடியில் கூழாங்கல்லும் ஓட்டுச் சில்லும் பரப்பினால் வடிகால் நன்றாக இருக்கும் என்று என் அம்மா காலத்திலிருந்து சொல்கிறார்கள். இல்லை. நைஸ் தூளில் தொங்கும் தண்ணீர், கீழே இருக்கும் பெரிய சந்துக்குள் சுலபத்தில் இறங்காது. கல்லடுக்கின் மேலேயே நின்றுவிடும். ஈரப்பட்டையை மூன்று அங்குலம் மேலே தூக்கி, வேருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்ததுதான் மிச்சம். தூள் வெளியே போகாமலிருக்க ஓட்டையின்மேல் ஒரு சில்லோ கொசுவலைத் துண்டோ போதும். கரடான பொருள் வேண்டுமானால் அடியில் அல்ல, கலவை முழுக்கக் கலந்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் பைகளின் அடியைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் அவை நேராகத் தட்டோட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கின்றன. பையின் ஓட்டைகள் அடிப்பகுதியில் இருந்தால், நிறைந்த பையின் கனத்தில் அவை தரையோடு ஒட்டி மூடிக்கொள்ளும். தண்ணீர் வெளியே வருகிறதே என்பீர்கள். வரும், பக்கவாட்டில் கசிந்து. ஆனால் அதே ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகாது. ஒவ்வொரு பையையும் இரண்டு செங்கல்லின் மேலோ, இரும்புச் சட்டத்தின் மேலோ ஏற்றிவையுங்கள். அடியில் கைவிரல் நுழையும் இடைவெளி இருந்தால் போதும். மாடித் தரை ஒழுகும் பயமும் குறையும், சித்திரை வெயிலில் தரைச் சூடு நேரே வேரில் ஏறுவதும் நிற்கும். இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். செலவு நாற்பது செங்கல்.

அடுத்தது ஊற்றும் முறை. தினம் இரண்டு மக் என்பது கேட்க ஒழுங்காக இருக்கிறது, ஆனால் அது பைக்கு மூச்சுவிட நேரமே தருவதில்லை. தண்ணீர் மேலிருந்து கீழே இறங்கும்போது சந்துகளில் இருந்த பழைய, கரியமில வாயு சேர்ந்த காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது. வடிந்து வெளியேறும்போது அதன் பின்னாலேயே புதுக் காற்று மேலிருந்து உள்ளே இழுக்கப்படுகிறது. நிறைய ஊற்றி நிறைய வடியவிட்டால் பை ஒரு முழு மூச்சு விடுகிறது. ஒரு மக் ஊற்றினால் தண்ணீர் நடுவழியில் உறிஞ்சப்பட்டுவிடும், அடியில் தேங்கியது அப்படியே தேங்கியிருக்கும், காற்று நகராது. ஆகவே அளவைக் குறைக்கச் சொல்லவில்லை, இடைவெளியைக் கூட்டச் சொல்கிறேன். ஊற்றும் நாளில் அடியிலிருந்து நன்றாக வடியும் வரை ஊற்றுங்கள். ஊற்றியதில் பத்தில் ஒன்று, இரண்டு பங்காவது வெளியே வர வேண்டும். பூவாளியில் மெதுவாக, பாதி ஊற்றிப் பத்து நிமிடம் கழித்து மீதி. அப்புறம் பை இலேசாகும் வரை தொடாதீர்கள். கீழே தட்டு வைத்திருந்தால் வடிந்ததைக் கொட்டிவிடுங்கள். தட்டில் நிற்கும் தண்ணீரைக் கோகோபீட் திரும்ப மேலே இழுத்துக்கொள்ளும், வடித்ததெல்லாம் வீண்.

பை இலேசாவது எப்படித் தெரியும்? தூக்கித்தான். பழைய பேப்பர்க்காரர் வைத்திருப்பாரே, கொக்கியில் மாட்டும் தராசு, அது இப்போது டிஜிட்டலில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நான் அதை ஒரு வருடம் பயன்படுத்தினேன், பிறகு கைக்கே பழகிவிட்டது. என் பன்னிரண்டு அங்குலப் பை, சுமார் பதினைந்து லிட்டர் கலவை பிடிப்பது, ஊற்றி வடிந்தபின் 11 கிலோ இருக்கும். 8 கிலோவுக்கு இறங்கும்போது மறுபடி ஊற்றுவேன். உங்கள் கலவைக்கு வேறு எண் வரும். ஒரு மாதிரிப் பையைத் தேர்ந்தெடுத்து, வடிந்த எடையைப் பையின் மேலேயே மார்க்கரில் எழுதிவையுங்கள். அதில் நாலில் ஒரு பங்கு குறைந்ததும் ஊற்றுவது என்று தொடங்குங்கள். நாற்றுக்கு அந்த நிலை வர ஐந்தாறு நாளாகும். அதே பையில் காய்த்துக் குலுங்கும் தக்காளி மே மாதத்தில் ஒரே நாளில் அந்த மூன்று லிட்டரைக் குடித்துவிடும். அதனால்தான் தினம் இவ்வளவு என்று யாராவது அட்டவணை தந்தால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. சின்னச் செடியைப் பெரிய பையில் நட்டதும் உங்கள் சிக்கலில் ஒரு பாதி. குடிக்க ஆளில்லாத பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள்.

இதோடு உப்பையும் சேர்த்துப் பேசியாக வேண்டும், ஏனென்றால் உப்பும் வாட்டமாகத்தான் முகம் காட்டும். தென்னை இயல்பிலேயே சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மட்டையில் சேர்த்துவைக்கும் மரம். உப்பங்கழியில் ஊறப்போட்ட மட்டை என்றால் இன்னும் அதிகம். கழுவாத தூளில் அது அப்படியே இருக்கும். வேரைச் சுற்றி உப்பு கூடினால், பை நிறையத் தண்ணீர் இருந்தாலும் வேரால் இழுக்க முடியாது. அதன்மேல் நம் புறநகர் போர்வெல் தண்ணீர். நீங்கள் ஊற்றும் ஒவ்வொரு மக்கிலும் கொஞ்சம் உப்பு உள்ளே போகிறது. தண்ணீரைச் செடி எடுத்துக்கொள்ளும், உப்பு பையில் தங்கும். வடியவே விடாமல் மூன்று மாதம் ஊற்றினால் பையின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்து நிற்கும், பாருங்கள். வீட்டில் ஆர்.ஓ. வைத்திருப்பவர்களிடம் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும், அதை வாங்கி ஊற்றும் தண்ணீரையும் அடியில் வடியும் தண்ணீரையும் அளந்து பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட இருந்தால் கவலையில்லை. வடிவது மூன்று நான்கு மடங்கு காட்டினால், பையின் கொள்ளளவைப் போல ஒன்றரை மடங்கு நல்ல தண்ணீரை ஒரே நாளில் மெதுவாக ஊற்றி அலசிவிடுங்கள். மழைத்தண்ணீர் கிடைத்தால் அதைவிட வேறில்லை. ஆனால் இதை வடிகாலைச் சரிசெய்த பிறகு செய்யுங்கள், முன்னால் அல்ல.

புதுக் கட்டி வாங்கும்போது ஈ.சி. குறைவு என்று போட்டிருக்கிறதா பாருங்கள், உப்பு எவ்வளவு என்று காட்டும் எண் அது. 0.5-க்குக் கீழே என்றால் கழுவியது. போட்டிருப்பதை நம்பி நான் ஒருமுறை ஏமாந்ததால், எதை வாங்கினாலும் வீட்டில் ஒருமுறை கழுவிவிடுகிறேன். ஐந்து கிலோக் கட்டி ஊறினால் அறுபது எழுபது லிட்டருக்கு வரும். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் ஊறவைத்து, பழைய வெங்காயச் சாக்கில் கட்டித் தூக்கி வடியவிடுங்கள். முதல் தண்ணீர் கட்டங்காப்பி நிறத்தில் வரும். வெளிர்டீ நிறம் வரும்வரை, மூன்று முறை. இதில் கூடுதலாக ஒரு லாபம்: மாவு மாதிரி நைஸ் தூள் சாக்குக் கண்ணில் தண்ணீரோடு வெளியேறிவிடும், கரடு மிஞ்சும். காற்றுக்குச் சந்து கூடும்.

தக்காளியின் அடி கறுத்ததும் இந்தக் கதையின் தொடர்ச்சிதான். அது நோயில்லை, பூச்சியில்லை. மருந்து அடிக்க வேண்டாம். காயின் நுனிக்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை. கோகோபீட் ஒரு விசித்திரமான வியாபாரி. தன்னிடம் ஒட்டியிருக்கும் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் விட்டுவிட்டு, நாம் போடும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். விலை கூடிய கட்டிகளில் இதற்காகவே கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்து எடுத்திருப்பார்கள். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கால்சியம் செடிக்குள் தண்ணீரோடு மட்டுமே ஏறும். இலை ஆவியாக்கினால்தான் தண்ணீர் ஏறும். வேர் மூச்சுமுட்டினால் தண்ணீர் ஏறாது, காற்று அசையாத மூலையில் இலையும் ஆவியாக்காது. ஈரம் ஒரு நாள் குளமாகவும் ஒரு நாள் பாலைவனமாகவும் மாறினாலும் இதே கதிதான். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் சரியாகும் என்று எழுதுகிறார்கள். ஓடு கரைந்து வருவதற்குள் தக்காளிப் பருவமே முடிந்துவிடும். நீர்ப்பாய்ச்சலைச் சீராக்குங்கள், அவசரத்துக்குக் கால்சியம் நைட்ரேட்டை உரப்பொட்டலத்தில் சொன்ன அளவுக்குப் பாதியாகக் கரைத்து ஊற்றுங்கள். கறுத்த காயைப் பறித்துப் போட்டுவிடுங்கள், அது மாறாது. அடுத்து வரும் காய்களைப் பாருங்கள்.

கலவைக்கு வருவோம். கிட்டத்தட்ட பாதி மண்புழு உரம் என்பது அதிகம். மண்புழு உரம் நல்லதுதான், ஆனால் அதுவும் நைஸ். நனைந்ததும் சேறுமாதிரி ஆகி கோகோபீட்டின் சந்துகளை அடைத்துவிடும். கால் பங்குக்கு மேல் போகவேண்டாம். நான் இப்போது போடுவது இரண்டு பங்கு கழுவிய கோகோபீட், ஒரு பங்கு மக்கிய தொழு உரமும் மண்புழு உரமும் கலந்தது, ஒரு பங்கு கரடு. கரடு என்றால் எது கிடைக்கிறதோ அது. தேங்காய் மட்டையையே சின்னச் சின்னச் சில்லாக வெட்டி விற்கிறார்கள், அது எனக்கு முதல் விருப்பம். அரிசி ஆலைப் பக்கம் உள்ளவர்களுக்குக் கருக்கிய உமி கிடைக்கும். சாம்பலாகாமல் கறுத்து, உருக்குலையாமல் இருக்க வேண்டும், வெள்ளைச் சாம்பல் என்றால் வேண்டாம். செங்கல்லை உடைத்துச் சுண்டுவிரல் நக அளவுக்குச் சலித்த ஜல்லியும் நன்றாகவே வேலை செய்கிறது, கனம் மட்டும் கொஞ்சம் கூடும். பெர்லைட் என்ற வெள்ளையான, இலேசான பொரிகல் நல்லது, விலை கொஞ்சம் வலிக்கும், ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் மேலே மிதந்து வரும். கடையில் பெர்லைட் கேட்டு வெர்மிகுலைட் வாங்கி வந்துவிடாதீர்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும், ஆனால் வெர்மிகுலைட் தண்ணீரைப் பிடித்துவைப்பது, நமக்குத் தேவைக்கு நேர் எதிர். நைஸ் மணலும் வேண்டாம், சந்தை அடைக்கும், மாடிக்கும் பாரம். செம்மண் சேர்க்கச் சொல்கிறார்களே என்றால், ஒரு கைப்பிடி இரண்டு கைப்பிடி பரவாயில்லை. மூன்றில் ஒரு பங்கு செம்மண் போட்ட என் பைகள் ஒரே மழையில் இட்லிமாவாகிப் பிறகு செங்கல்லாகின.

இன்னொரு குழப்பம் இருக்கிறது. கோகோபீட் வேறு, மக்கிய தென்னை நார்க்கழிவு உரம் வேறு. கோவை வேளாண் பல்கலைக்கழக முறையில் ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு மக்கவைப்பார்கள். மக்காத தூளில் தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிமம் நூறு பங்குக்கு மேல். மக்கியபின் அது 24-க்கு வந்துவிடும். உங்கள் கத்தரியின் அடி இலை மஞ்சளுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மக்காத தூளில் உள்ள நுண்ணுயிர்கள் தங்கள் பசிக்குத் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், செடிக்குப் பற்றாக்குறை வரும், அடி இலையிலிருந்துதான் மஞ்சள் தொடங்கும். கோகோபீட்டில் தானாகச் சத்து கிடையாது, வாரம் ஒருமுறை நீர்த்த புண்ணாக்குக் கரைசலோ வேறு கரையும் உரமோ கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் வேர் தேறிய பிறகு. மூச்சு முட்டும் வேருக்கு உரம் ஊற்றுவது ஜன்னி கண்டவனுக்குப் பிரியாணி ஊட்டுவது மாதிரி.

இதுவரை பைக்குள் இருக்கும் காற்று. பைக்கு வெளியே உள்ள காற்றையும் கொஞ்சம் பார்ப்போம். மொட்டைமாடி என்றாலே காற்று இருக்கும் என்று நினைக்கிறோம். உங்கள் படத்தில் பைகள் கைப்பிடிச்சுவரை ஒட்டி, மூலையில், இரண்டு வரிசையாக ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. மூன்றடிச் சுவரின் காலடியில் காற்று வீசாது, அதற்கு மேலேதான் வீசும். கடற்காற்று பிற்பகலில் மாடியின் எந்தப் பக்கமாக வருகிறது என்று ஒரு ஊதுவத்தி கொளுத்திப் பாருங்கள். சுவரிலிருந்து ஒன்றரை அடி விலக்கி, பைக்கும் பைக்கும் இலைகள் உரசாத அளவு இடம்விட்டு, காற்று வரும் திசைக்குக் குறுக்கே அல்லாமல் நெடுக வரிசை போடுங்கள். தக்காளியில் முதல் பூங்கொத்துக்குக் கீழே உள்ள இலைகளைக் கிள்ளிவிடுங்கள். மண்ணுக்கும் இலைக்கும் நடுவே காற்று புகுந்து போக வேண்டும். ஊற்றுவது காலையில் மட்டும். மாலை ஊற்றினால் இலையும் மேல்பரப்பும் இரவு முழுக்க ஈரமாக நிற்கும். பூஞ்சாணத்துக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது.

அதற்காகக் காற்று எவ்வளவு அடித்தாலும் நல்லது என்று அர்த்தமில்லை. ஆடிக்காற்றில் துணிப் பைகள் நாலு பக்கமும் காய்ந்து, ஒரே நாளில் கோகோபீட் சுருங்கி விளிம்பை விட்டு விலகிவிடும். அப்படிக் காய்ந்த பைக்கு ஊற்றினால் தண்ணீர் விளிம்பு வழியாக நேரே கீழே போய்விடும். தண்ணீர் வெளியே வந்தது என்று நீங்கள் திருப்தியாகப் போவீர்கள், நடுவில் வேர்ப்பந்து காய்ந்தபடியே இருக்கும். அந்தப் பையை ஒரு வாளித் தண்ணீரில் கால்பாகம் மூழ்கும்படி அரைமணி நேரம் உட்காரவைத்து எடுங்கள். கோடையில் ஐம்பது சதவீத நிழல்வலையும், பைமேல் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலைச் சருகும் போடுங்கள். மழை தொடங்கியதும் அந்தச் சருகை எடுத்துவிடுங்கள்.

கறுப்பு ஈக்கள் கடிக்காது. வெளுத்த தோலுக்குக் கீழே எப்போதும் ஈரமாக இருக்கும் மேல் அடுக்கில் பாசியையும் பூஞ்சையையும் தின்று வளர்பவை. அவற்றின் புழுக்கள் நாற்றின் மெல்லிய வேரையும் கடிக்கும். மேலே ஒரு அங்குலம் நன்றாகக் காயவிட்டால் முட்டை பொரிக்காது. மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்று நட்டால் பறப்பவை சிக்கும், எத்தனை சிக்குகின்றன என்பதே உங்கள் ஈரத்தின் அளவுகோலாகவும் இருக்கும். மேலே திடீரென்று குடைபிடிக்கும் குட்டிக் காளான்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கிள்ளிப் போடுங்கள்.

இப்போது உங்கள் இருபது பைகளுக்கு உடனே செய்ய வேண்டியது. ஐப்பசி மழை வாசலில் நிற்கிறது, அதற்குமுன் பத்து நாளாவது இருக்கிறதல்லவா. மிக மோசமான ஒரு செடியைப் பையோடு சாய்த்து, அடிக்கலவையை ஒதுக்கி வேரைப் பாருங்கள். வெள்ளையாக, திடமாக இருந்தால் பிழைக்கும். பழுப்பாக, வழவழவென்று, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு நடுநூல் மட்டும் மிஞ்சினால் அழுகல். முகர்ந்தும் பாருங்கள். நல்ல கலவை மழை பெய்த காட்டு வாசனை அடிக்கும். சாக்கடை வாசனையோ அழுகிய முட்டை வாசனையோ வந்தால் அடியில் காற்றே இல்லை. காலையிலேயே தொங்கும் செடிகளை ஒரு பக்கமும், மதியம் தொங்கி மாலையில் நிமிர்பவற்றை இன்னொரு பக்கமும் பிரித்து வையுங்கள். இரண்டாவது கூட்டம் பெரும்பாலும் தேறிவிடும்.

எல்லாவற்றையும் செங்கல் மேல் ஏற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக ஒரு கல் வைத்துப் பையைச் சாய்த்து நிறுத்துங்கள், ஓட்டையுள்ள மூலை கீழே இருக்கும்படி. பஞ்சை நெட்டுக்குத்தாக நிறுத்திய கதைதான், தேங்கியதில் ஒரு பங்கு உடனே வடியும். இன்னும் வடிய வேண்டுமானால் பழைய வேட்டியை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து நனைத்து, ஓட்டை வழியாக நாலு அங்குலம் உள்ளே குச்சியால் தள்ளி, மீதியை அரையடி வெளியே தொங்கவிடுங்கள். திரி எண்ணெய் இழுப்பதுபோல் அடித்தண்ணீரை இழுத்துச் சொட்டவிடும். முதல்முறை இதைச் செய்தபோது ஒரே பையிலிருந்து ராத்திரிக்குள் அரை வாளி வந்தது, எனக்கே நம்ப முடியவில்லை. மூன்று நான்கு நாள் தண்ணீர், உரம் இரண்டும் வேண்டாம். மதியத்துக்கு மட்டும் நிழல். செடி தொங்கினால் இலைமேல் கொஞ்சம் தெளியுங்கள், பையில் ஊற்றாதீர்கள். புதுத் தளிர் நிமிர்ந்தால் அலசல், பிறகு டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம் கலந்த தொழு உரம் ஒரு கைப்பிடி. டிரைக்கோடெர்மா காவலுக்குத்தான், அழுகிப்போன வேரை அது உயிர்ப்பிக்காது.

வேர் பாதிக்கு மேல் போன தக்காளியை விட்டுத் தள்ளுங்கள், ஆனால் பிடுங்குமுன் நோயில்லாத பக்கக்கிளை ஒன்றை அரையடிக்கு ஒடித்துக் குழித்தட்டிலோ டீக்கப்பிலோ ஈரக் கோகோபீட்டில் குத்திவையுங்கள். தக்காளித் தண்டு பத்து நாளில் வேர்விடும். கத்தரியும் மிளகாயும் அவ்வளவு சுலபமில்லை, அவற்றுக்கு விதைதான். பழைய கலவையை வீசவேண்டாம். தார்ப்பாயில் பரப்பி வெயிலில் ஒரு வாரம் காயவிட்டு, நைஸ் தூளைச் சலித்துத் தள்ளி, மூன்றில் ஒரு பங்கு மட்டைச் சில்லு சேர்த்தால் அடுத்த நடவுக்கு ஆகும். அழுகல் வந்த பையின் கலவையில் மட்டும் திரும்பத் தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்காமல் கீரையோ வெண்டையோ போடுங்கள். ஒன்றரை இரண்டு வருடம் ஆன கோகோபீட் தானாகவே நொறுங்கி நைஸாகும், பையின் மட்டம் நாலு விரல் இறங்கியிருக்கும். அப்போது மேலே புதுத்தூள் போட்டு நிரப்பினால் போதாது, கொட்டிக் கலந்து கரடு சேர்க்க வேண்டும்.

மழை நாட்களில் தொடர்ந்து பெய்தால் பைகளைச் சாய்த்தபடியே விட்டுவிடுங்கள். மேலே பாலித்தீன் கட்டுவதானால் கூரை மட்டும் போதும், நாலு பக்கமும் மூடிவிடாதீர்கள். மூடினால் உள்ளே வியர்த்துக் கொட்டும், ஒரே வாரத்தில் இலையெல்லாம் புள்ளி விழும். வேரைப் பார்த்துவிட்டு, முடிந்தால் படத்தோடு, வடிந்த தண்ணீரின் டி.டி.எஸ். எண்ணையும் சொல்லுங்கள். அதை வைத்து எந்தப் பைக்கு அலசல் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.